தொண்டுக்குச் சாட்சி எதற்கு?

மாலை ஆறு மணி. தாமான் வீடொன்றின் கூடத்தில் பள்ளி மாணவி ஒருத்தி, சீருடையையும் களையாமல், திறன்பேசியில் கண்ணை நட்டு அமர்ந்திருக்கிறாள். அன்று காலை அவள் தன் பள்ளிக் கழகத்தாரோடு முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்று வந்தாள். அங்கிருந்த மூதாட்டி ஒருவருக்கு அவள் சோறு ஊட்டிய படம் சமூக ஊடகத்தில் ஏறிவிட்டது, பாராட்டுகள் குவிகின்றன. அடுத்த அறையில் அவளுடைய சொந்தப் பாட்டி, "கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறார். "இதோ வர்றேன் பாட்டி" என்று குரல் போகிறது, கால் போகவில்லை. அடுக்களையிலிருந்து தாய்தான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள்.

அந்தப் பெண்ணைக் குறை கூறுவது எளிது. அவளுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் யார் என்று கேட்பதே முறை. பிறந்தநாளன்று அநாதை இல்லத்துக்கு அழைத்துச் சென்று, அணிச்சலை வெட்டும் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்த பெற்றோர் கற்பித்தனர். பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு சிரித்த இயக்கத்தார் கற்பித்தனர். ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. மலேசியப் பள்ளிகளில் ஒரு நடவடிக்கை முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை எழுதப்படுகிறது. நாள், இடம், நோக்கம், வந்தோர் தொகை என்று சில வரிகள். எஞ்சிய இடத்தைப் படங்கள் நிரப்புகின்றன. புறப்பாட நடவடிக்கைக்குப் புள்ளி உண்டு. புள்ளிக்குச் சான்று வேண்டும். சான்றுக்குப் படம் வேண்டும். படம் இல்லாத பணி நடவாத பணி என்று மாணவன் முடிவு கட்டினால், அது அவன் குற்றமா?

சமூக ஊடகம் முற்றாகத் தீயது என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் நன்றி மறந்த வாதம். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நடமாட்டக் கட்டுப்பாட்டால் வருமானம் இழந்த மலேசியக் குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றலாம் என்ற செய்தியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது சமூக ஊடகமே. இனம், சமயம் பாராமல் அண்டை வீட்டார் உணவுப் பொருளோடு ஓடி வந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் சிலாங்கூரில் பெருவெள்ளம் புகுந்தபோது, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டின் மேல்மாடியில் சிக்கியவர்கள் புலனத்தின் வழியாகவும் முகநூலின் வழியாகவும் அபயக்குரல் எழுப்பினர். அக்குரலைக் கேட்டுப் படகுகளோடும் உணவுப் பொட்டலங்களோடும் சென்ற தன்னார்வலர் பலர். அன்று கையடக்கக் கருவி உயிர் காத்தது. இதை மறுப்பவர் உண்மையை மறுப்பவர்.

ஆயின், அவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஊடகம் செய்த வேலை யாது? தேவையை ஊரறியச் செய்தது. வெள்ளைக் கொடியில் முகம் இல்லை. ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவும் அவ்வீட்டாரிடமே இருந்தது. தேவையை விளம்பரப்படுத்துவது வேறு. தேவைப்பட்டவரை விளம்பரப்படுத்துவது வேறு. முன்னது தொண்டு. பின்னது தொண்டின் பெயரால் நடக்கும் அவமதிப்பு.

உதவி பெறும் வீட்டிலும் ஒரு மாணவன் இருக்கிறான் என்பதைப் படம் எடுப்போர் எண்ணுவதில்லை. தந்தை தலைகவிழ்ந்து மளிகைப் பையை வாங்கும் காட்சி மறுநாள் அவன் வகுப்புத் தோழர் அனைவரின் கையிலும் இருக்கிறது. அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், படம் தீராது. அந்தத் தந்தை ஒப்புதல் தந்தார் என்று சமாதானம் கூறுவர். பசித்த வீட்டின் வாசலில், ஒரு கையில் பையையும் மறு கையில் படக்கருவியையும் வைத்துக்கொண்டு கேட்டால், யாரால் மறுக்க முடியும்?

ஈகைக்குப் பின் புகழைப் பாடியவர் வள்ளுவர்தாமே என்று எதிர்வாதம் புரிவோர் உண்டு. மெய்தான். திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23, புகழ் 24. புகழ் ஈகையைத் தொடர்ந்து வருவது. ஈகைக்கு முன்னரே போய்ப் படக்கருவியைப் பொருத்தி வைத்துக் காத்திருப்பதன்று. பிறர் வாயில் பிறப்பது புகழ். தன் கையால் தானே பதிவேற்றிக்கொள்வது விளம்பரம். மேலும், இந்த அதிகாரங்கள் மூன்றும் எங்கே வைக்கப்பட்டுள்ளன? பொருட்பாலில் அல்ல, அவை நடுவில் அல்ல. இல்வாழ்க்கையில் தொடங்கும் இல்லறவியலில். ஊருக்குச் செய்யும் உதவி இல்லத்திலிருந்து வளர்ந்து வெளியே செல்ல வேண்டியது என்பதற்கு இவ்வைப்பு முறையே போதிய சான்று.

அந்த இல்லத்தின் நிலை இன்று என்ன? தந்தை இயக்கப் புலனக் குழுவில் இருக்கிறார். மகன் காணொளியில் இருக்கிறான். மகள் பாராட்டை எண்ணுகிறாள். தாய் மட்டுமே வீட்டில் இருக்கிறாள். கணவர் வார இறுதியில் தொண்டுக்குச் செல்ல முடிவது, அவள் வீட்டைத் தாங்குவதால். மாணவி முதியோர் இல்லத்துக்குக் கொண்டு சென்ற சோற்றைப் பொழுது விடியுமுன் எழுந்து சமைத்தவளும் அவளே. எந்த அறிக்கையிலும் அவள் படம் இல்லை. படத்தில் இல்லாததால் அவள் உழைப்பு தொண்டாகாமற் போய்விடுமா?

படம் இல்லாமலும் பெரும்பணி நடந்ததற்கு இம்மண்ணிலேயே சான்றுண்டு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களால் வேலையும் வீடும் இழக்கும் நிலையில் இருந்த பால்மரத் தொழிலாளர்கள் தம் சொற்பக் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டினர். அவர்களுள் எத்தனை பேருக்குப் படம் எடுத்துக்கொண்ட அனுபவம் இருந்திருக்கும்? தோட்டங்கள் வாங்கப்பட்டன. பணியே சாட்சியாக நின்றது.

ஆகவே ஆசிரியர் செய்யத் தக்கவை கடினமானவை அல்ல. அறிக்கைக்குப் படம் தேவையெனில், துடைப்பம் பிடித்த கைகளும் அடுக்கிய மூட்டைகளும் போதும். பெறுவோர் முகம் வேண்டா. மாணவன் என்ன கற்றான் என்பதை அவன் தமிழில் பத்து வரி எழுதட்டும்; அது கட்டுரைப் பயிற்சியும் ஆகும். வீட்டு முதியவருக்கு ஒரு வாரம் அவன் செய்த பணிவிடையும் தொண்டெனக் கொள்ளப்படட்டும்.

மாணவர் செய்யத் தக்கது அதனினும் எளிது. அடுத்த அறையிலிருந்து தண்ணீர் கேட்கும் குரல் எழும்போது, திறன்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து செல்ல வேண்டும். அந்தக் குவளைத் தண்ணீரை எவரும் பாராட்டப் போவதில்லை. குடித்தவரின் தாகம் தணியும். தொண்டுக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.