பயணப் பெட்டியும் பருகும் நீரும்

வெளிநாட்டுப் பயணம் புறப்படுவோர் பெட்டியில் எதை வைப்பது எனப் பல நாள் எண்ணுகின்றனர். வயிற்றுக்குள் எதை விடுவது என ஒரு நாளேனும் எண்ணுவதில்லை. இவ்வலட்சியம் நீங்க வேண்டும் என்பதே என் கருத்து.

வரலாறு இதற்குச் சான்று பகரும். 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் காலரா பரவிற்று. ஏறத்தாழ 15,000 பயணிகள் மாண்டனர் என மதிப்பிடுவர். ஊர் திரும்பியோருடன் நோயும் கப்பலேறி, எகிப்து வழியே ஐரோப்பாவை அடைந்தது. அடுத்த ஆண்டே இது குறித்து ஆராயப் பல நாட்டினர் கான்ஸ்டாண்டிநோபிளில் மாநாடு கூடினர். பின்னாளில் செங்கடலின் கமரான் தீவிலும் சினாய்க் கரையின் அல்தூரிலும் ஹாஜிகளைத் தனிமைப்படுத்தும் முகாம்கள் இயங்கின.

1905இல் அல்தூர் முகாமில் இறந்த பயணிகளின் குடலில் காட்ஷ்லிக் என்னும் செருமானிய மருத்துவர் காலராக் கிருமியின் ஒரு வகையைக் கண்டார். வியப்பு யாதெனில், அவர்களிடம் காலராவின் அறிகுறிகள் காணப்படவில்லை. அவ்வூர்ப் பெயரால் 'எல் டோர்' என வழங்கும் அவ்வகையே 1961இல் இந்தோனேசியாவில் கிளர்ந்து உலகெங்கும் பரவிற்று. அவ்வலை இன்றும் ஓயவில்லை. நோயாளியாகத் தோன்றாதவரும் நோயைச் சுமக்கக்கூடும் என்பதே அல்தூர் கற்பித்த பாடம்.

தூய குடிநீரும் கழிவுநீர் வசதியும் பெருகியதால் ஹஜ் பயணத்தில் காலரா அச்சம் இன்று பெரிதும் தணிந்துள்ளது. ஆயினும் ஈ.கோலை, சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகள் எந்நாட்டிற்குச் செல்லும் பயணியையும் விட்டுவைப்பதில்லை. இளைஞர்க்குச் சில நாள் வயிற்றுப்போக்காகக் கழிவது, நீரிழிவுற்ற முதியோர்க்கு உடலின் நீர் வற்றி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

இதற்கு அஞ்சிச் சிலர் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தாமே வாங்கிச் சென்று, சிறு வயிற்றுக் கோளாறுக்கும் விழுங்குகின்றனர். இது நன்மையன்று. அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பயணியின் குடலில் குடியேற இதுவே வழிவகுக்கும். அவர் அறியாமலே அவை இல்லம் வந்து சேரும். பேரப்பிள்ளைகளுக்கு நாம் கொணரும் பரிசு இதுவாகலாமா?

நான் சென்றிருந்த ஹஜ் வழியனுப்புக் கூட்டமொன்றில் கிரியைகள் செவ்வனே விளக்கப்பட்டன. குடிநீர் குறித்து ஒரு சொல்லும் எழவில்லை. இத்தகைய கூட்டங்களில் மருத்துவர் ஒருவருக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு பெரியோர்களை வேண்டுகிறேன். கொதித்தாறிய நீரையோ முத்திரை உடையாத புட்டி நீரையோ பருகுதல், சூடான உணவையே உண்ணுதல், வெட்டிவைத்த பழத்தையும் பனிக்கட்டியையும் தவிர்த்தல், வயிற்றுப்போக்கு கண்டவுடன் உப்பு-சர்க்கரைக் கரைசல் அருந்துதல், காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ கண்டால் மருத்துவரை நாடுதல் ஆகியவற்றை அவர் எடுத்துரைக்கட்டும். வேலை தேடிச் செல்லும் நம் மாணவர்க்கும் இவ்வறிவு தேவை.

தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசுவோர் நாம். ஒளூவுக்காக நாளும் ஐந்து வேளை நீரைத் தேடும் கைகள், உணவுக்கு முன் சோப்பையும் தேடட்டும்.