சொகுசுப் படகும் நாலு புகழ்மொழிகளும்

புதுவையின் கதிர்காமத்திலிருந்து கடல் தெரியாது. வழுதாவூர் சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் நின்றால் கண்ணில் படுவது பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான். ஆனாலும் கடல் சுற்றுலாவைப் பற்றி இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கருத்துக்குப் பஞ்சமில்லை. 2022 ஜூனில், சூதாட்டச் சர்ச்சையால் கார்டிலியா சொகுசுக் கப்பலுக்குப் புதுவையில் அனுமதி மறுக்கப்பட்ட பிறகு ஒரு மாற்று யோசனை சூடு பிடித்தது: “அந்த ராட்சசக் கப்பல் எதுக்குங்க? கேட்டமரான் மோட்டார் யாட் நாலு வாங்கி விட்டா போதும். கவிழாது, குமட்டாது, டீசல் குடிக்காது, முழங்கால் தண்ணியில போகும். அதுவும் நம்ம கட்டுமரத்தோட பேரன்தானே!”

விற்பனை மலர்களும் ஏறக்குறைய இதையேதான் பளபளப்பான தாளில் சொல்கின்றன. பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொரு சிறப்புக்கும் கொடுக்க வேண்டிய விலையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த விலை மற்ற கடல்களைவிட நம் கரையில் கொஞ்சம் கூடுதல்.

கவிழாது என்பதில் பெரும்பகுதி உண்மை. கேட்டமரானின் இரண்டு ஒல்லியான உடல்கள் அகலத் தள்ளி நிற்பதால், படகு சற்றே சாய்ந்தாலும் தாழ்கிற உடலைத் தண்ணீர் பலமாக மேலே தள்ளிவிடும். இந்த நிமிர்த்தும் விசை சிறிய சாய்விலேயே உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஒருமுறை தலைகீழானால் படகு அந்த நிலையிலேயே உறுதியாக மிதக்கும், தானாக நிமிராது. பாய் விரிக்காத மோட்டார் யாட்டுக்கு அந்தக் கதி வருவது அபூர்வம். அதனால் இந்த வரியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சண்டை ‘குமட்டாது’ என்ற அடுத்த வரியோடுதான். சாய மறுக்கும் அந்த விறைப்பேதான் வயிற்றையும் கலக்குகிறது. ஒற்றை உடல் படகு தொட்டில் மாதிரி நிதானமாகச் சாயும், நிதானமாக நிமிரும். இரட்டை உடல் படகோ பக்கவாட்டு அலையில் வெடுக் வெடுக்கென்று இழுபடும். ஓர் உடல் அலை முகட்டில் ஏறும்போது மற்றது பள்ளத்தில் இறங்குகிறது. எதிர் அலையில் தொல்லை வேறு விதம். இரண்டு உடல்களையும் இணைக்கும் பாலத்தளத்தின் அடிவயிற்றில் அலை வந்து அறையும். வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலுக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடித்தது போல் இருக்கும். மேசையில் இருக்கும் கோப்பை துள்ளும். விளம்பரப் படத்தில் ஒயின் கிண்ணம் அசையாமல் நிற்கிறதே என்றால், அது கரைமறைவான குடாவில், காற்றில்லாத நாளில் எடுத்த படம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளப்பும் குட்டையும் செங்குத்துமான அலை அப்படி இருக்காது.

டீசல் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஒற்றை உடல் படகு மிதந்தபடி ஓடும்போது தானே எழுப்பிய அலையில் மாட்டிக்கொள்ளும். நீர்க்கோட்டு நீளம் 24 மீட்டர் என்றால் ஏறத்தாழ 12 நாட் வேகத்தோடு சரி. அதைத் தாண்ட எரிபொருளைக் கொட்ட வேண்டும். ஒல்லியான உடல்கள் சின்ன அலையையே எழுப்புவதால் அந்த எல்லையைச் சுலபமாகக் கடந்துவிடும். நடுத்தர வேகத்தில் சேமிப்பு நிஜம். ஆனால் மெதுவாகப் போகும்போது கணக்கு திரும்புகிறது: தண்ணீரில் நனையும் பரப்பு அதிகம், ஆகவே உராய்வும் அதிகம். ஊரைக் கடலிலிருந்து காட்டும் உல்லாசச் சவாரி மெதுவாகத்தானே போகும்?

எடையும் சேர்ந்துகொள்ளும். ஒல்லி உடலுக்குப் பாரம் ஆகாது. ஏற்றுகிற ஒவ்வொரு டன்னுக்கும் கணிசமாக அமிழும். சொகுசு என்றாலே பாரம்தான். பளிங்குத் தரை, ஜக்குஸி, ஏசி, ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி என்று ஒவ்வொன்றாக ஏற ஏறப் பாலத்தளத்துக்கும் கடலுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கும். அலை இன்னும் பலமாக அறையும், டீசலும் கூடும்.

“சூரிய மின்சாரம் இருக்கே” என்பார்கள். இருக்கிறது. பிளானட் சோலார் என்ற கேட்டமரான் 2010 முதல் 2012 வரை சூரிய ஒளியை மட்டுமே நம்பி உலகைச் சுற்றி வந்தது. 31 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 537 சதுர மீட்டர் சூரியப் பலகை. அவ்வளவும் சேர்ந்து உச்சிவெயிலில் தந்தது 93 கிலோவாட், அதாவது சுமார் 125 குதிரைத்திறன். 584 நாள் பயணத்தில், நின்ற நாட்களையும் சேர்த்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சாதனைதான், ஆனால் விருந்தினர் அறைகளுக்கெல்லாம் குளிரூட்டி, ராத்திரி விருந்துக்கு விளக்கு அலங்காரம் செய்யும் படகின் கதை அதுவல்ல.

முழங்கால் தண்ணீர் என்பது மிகைதான், ஆனாலும் ஆழம் குறைவாகப் போதும் என்பது சரி. புதுவையில் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது, தூர்வாருங்கள் என்று மீனவர்கள் எத்தனை முறை முறையிட்டிருக்கிறார்கள்! ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை 1980-களில் கட்டிய அலைத்தடுப்புக் கற்சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. அந்த வாய்க்குள் நுழையும்போது ஓர் உடல் மணல்மேட்டில் தட்டி, மற்றது மிதந்துகொண்டிருந்தால், இரண்டையும் பிணைக்கும் கட்டமைப்பு முறுக்குப்படும். ஒற்றை உடல் படகுக்கு இந்த வகைத் தொல்லை கிடையாது.

அகலம் இன்னொரு தலைவலி. போலந்தின் குதான்ஸ்க் நகரில் 2002-இல் தொடங்கிய சன்ரீஃப் நிறுவனத்தின் 80 அடி வகைப் படகு ஏறத்தாழ 12 மீட்டர் அகலம். அதே நீளத்து ஒற்றை உடல் யாட்டைப் போல் சுமார் இரண்டு மடங்கு. கதிர்காமத்தின் உட்தெரு பலவற்றில் அதை நிறுத்தினால் இரண்டு பக்கமும் வாசல்படி இடிபடும். விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும் துறைமுகத்தில் அந்த இடத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்? உள்ளே போனால் வரவேற்பறை மண்டபம் மாதிரி விரிந்திருக்கும், மறுக்கவில்லை. உடல்களுக்குள் இருக்கும் படுக்கையறைகளோ ஒடுக்கம். ஓர் உடலிலிருந்து மற்றதற்குப் போகப் படியேறி, மண்டபத்தைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும்: இரண்டு இன்ஜின்களும் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஓட்டி நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம்.

கடைசியாகக் கட்டுமரப் பெருமை. பெயர் நம்முடையது, வடிவம் நம்முடையதல்ல. இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டையால் இணைக்கும் கலை பசிபிக் தீவு மக்களின் கைவண்ணம். ஐரோப்பாவில் வில்லியம் பெட்டி 1662-இல் டப்ளினில் இரட்டை உடல் கப்பல் கட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரெஷாஃப் 1876-இல் ‘அமரிலிஸ்’ கட்டினார். நம் கட்டுமரத்துக்கு உள்ளறையே கிடையாது. கயிற்றால் பிணைத்த கட்டைகள். ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே வழிந்துவிடும். உடையும் அலையில் மணலில் மோதினாலும் பாதகமில்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்துக் காயப்போடலாம். துறைமுகம் இல்லாத கரைக்கென்று உருவான கலம் அது. துறைமுகம் இல்லாமல் ஒரு வாரம் தாங்காத யாட்டை அதன் பேரன் என்பது கட்டுமரத்துக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் போகிறார்கள் என்றால், விற்பவரிடம் மூன்றைக் கேட்கட்டும். முழுப் பாரத்தோடு பாலத்தளத்தின் அடிப்பக்கம் கடலிலிருந்து எவ்வளவு உயரம்? 6 நாட் வேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர்? 12 மீட்டர் அகலப் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு என்ன செலவு?