ஒரு நாள் கூத்துக்குக் கண்ணாடி மண்டபம்!

உக்கடத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், வாசலில் மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து பந்தல் போடுவார்கள். விருந்து முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள். குழியை மூடுவார்கள். தெரு மறுபடியும் தெருவாகிவிடும்.

இப்போது வசதி படைத்தவர்களிடையே வேறொரு மோகம் பரவுகிறது. அதுதான் கண்ணாடிப் பந்தல்! அலுமினியச் சட்டம், கண்ணாடிச் சுவர், கண்ணாடிக் கூரை. இதைப் பழைய தோட்டங்களின் நடுவே நிறுத்துகிறார்கள். மணமக்கள் பூக்களுக்கு நடுவே நிற்பதுபோல் தோன்றும்.

பார்க்க அழகுதான். ஆனால், தோட்டத்தின் கதி என்ன?

லண்டனில் நடந்தது

இந்தக் கேள்வி புதிதல்ல. 1850-ம் ஆண்டிலேயே லண்டனில் எழுந்தது. ஹைடு பூங்காவில் உலகக் கண்காட்சி நடத்த ஏற்பாடு ஆயிற்று. "பூங்கா பாழாகும், மரங்களை வெட்டாதே" என்று எதிர்ப்புக் கிளம்பியது.

வழி சொன்னவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் ஒரு தோட்டக்காரர்! இரும்புச் சட்டங்களில் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் தகடுகளைப் பொருத்தினார்கள். பெரிய மரங்கள் சிலவற்றை வெட்டவில்லை. அவற்றின் தலைக்கு மேலே கூரையை உயர்த்தினார்கள். மரங்கள் மண்டபத்துக்குள்ளேயே நின்றன.

கண்காட்சி முடிந்தது. சொன்னபடி மாளிகையைப் பிரித்தார்கள். வேறு இடத்தில் பெரிதாக்கிக் கட்டினார்கள். அங்கே 1936-ல் அது தீக்கு இரையானது. ஹைடு பூங்காவோ இன்றும் பசுமையாக இருக்கிறது!

பெங்களூர் லால்பாக்

நம் பக்கத்திலும் ஒரு கண்ணாடி மாளிகை உண்டு. ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் அது இருக்கிறது. 1889-ல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். ஏழையும் பணக்காரரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். அது ஊருக்குச் சொந்தம். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் விருந்துக்காகக் கட்டியதல்ல.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அந்த வேர்களுக்குக் காற்று வேண்டும். கண்ணாடி ஏற்றிய லாரி ஏறினால் மண் இறுகும். காற்றும் நீரும் இறங்கா. மரம் அன்றே சாகாது. சில ஆண்டுகள் கழித்துக் காயும். அப்போது கல்யாணத்தை யார் நினைப்பார்கள்?

கண்ணாடியில் மரத்தின் நிழல் தெரியும். பறவை அதை நிஜ மரம் என்று நம்பிப் பாய்ந்து மோதும். மேலும், கண்ணாடி வழியே வெயில் உள்ளே வரும். வெப்பம் எளிதில் வெளியேறாது. கோவை வெயிலுக்குக் குளிர்சாதனம் இல்லாமல் முடியாது. அதற்கு ஜெனரேட்டர், அதன் புகை, இரைச்சல்!

என்ன செய்யலாம்?

கண்ணாடிப் பந்தலே கூடாது என்பதல்ல. வேர் உள்ள இடத்தில் கம்பி அடிக்கக் கூடாது. புல்தரையில் லாரி ஏறக் கூடாது. கண்ணாடியில் நெருக்கமாகப் புள்ளிகள் ஒட்டினால் பறவை விலகிப் போகும். பிரிக்கும் நாளை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். முன்பணமும் வாங்க வேண்டும். தோட்டம் பழையபடி ஆன பிறகே அதைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுமக்களுக்குக் கதவை அடைக்கக் கூடாது.

கோவை காந்திபுரத்தில் 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்னோடியாக ஊட்டி தாவரவியல் பூங்கா 1848 முதல் நிற்கிறது. வீட்டில் ஒரு செடி வைக்கவும் இடமில்லாத குடும்பங்களுக்கு இவைதாம் தோட்டம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக இவைதாம் இடம்.

ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை எல்லோருக்கும் தெரியும். மீசை மறுபடியும் முளைக்கும். நூறாண்டு மரம் முளைக்குமா?