அளவீடு 2018-இல், தீ 2025-இல்

மின்பழுதை முன்கூட்டியே சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு பற்றி ஓயாமல் அறிவிப்புகள் வருகின்றன. கேபிளில் உணரி, டிரான்ஸ்பார்மரில் உணரி, கட்டுப்பாட்டு அறையில் சுவரளவு திரை. ஹீத்ரோ மின்தடை பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்தவருக்கு இவற்றைக் கண்டால் எரிச்சல்தான் மூளும்.

2025 மார்ச் 20 இரவு லண்டனின் நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் தீப்பற்றியது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பயணம் குலைந்தது. டிரான்ஸ்பார்மருக்குள் மின்கடத்தி நுழையும் இடத்தில் அதைச் சுற்றியிருக்கும் காப்புக் குழல்தான் புஷ்ஷிங். அப்படி ஒன்றுக்குள் புகுந்த ஈரமே பெரும்பாலும் காரணம் என்று, பிரிட்டனின் மின்தொகுப்பை இயக்கும் நேசோ அமைப்பு ஜூலையில் சொன்னது. அந்தப் புஷ்ஷிங்கின் எண்ணெய் மாதிரியில் ஈரப்பதம் மிகுந்திருப்பது 2018 ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. அந்த அளவு வந்தால் பழுது நெருங்கிவிட்டது, புஷ்ஷிங்கை மாற்று என்கிறது அந்தத் துணை மின்நிலையத்தின் உரிமையாளரான நேஷனல் கிரிட்டின் சொந்த வழிகாட்டுதல். மாற்றவில்லை. ஆறு ஆண்டு எட்டு மாதம்!

இத்தகைய புஷ்ஷிங்குக்குள் மின்காப்பாக இருப்பது எண்ணெயில் ஊறிய காகிதம். காகிதம் என்பது செல்லுலோஸ்; இயற்கை தந்த பாலிமர், குளுக்கோஸ் வளையங்கள் கோத்த சங்கிலி. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக ஆயிரம் வளையங்கள் இருக்கும். வெப்பமும் ஈரமும் ஆக்சிஜனும் அதை அறுத்துக்கொண்டே வரும். அறுபடும்போது நீர் பிறக்கும். அந்த நீர் மேலும் அறுக்கும். சராசரி 200-க்கு இறங்கினால் காகிதம் நொறுங்கும், ஆயுள் முடிந்தது. இந்த 200-ஐக் கேட்பவர் சலிக்கும்வரை சொல்லிவருகிறேன். ஓடும் டிரான்ஸ்பார்மரிலிருந்து காகிதத்தைக் கிள்ளிப் பார்க்க முடியாதுதான். ஆனால், சிதையும் காகிதம் எண்ணெயில் விடும் ஃப்யூரான் சேர்மங்கள் அதன் நிலையைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெயில் கரைந்த வாயுக்களை வைத்துப் பழுதை இனங்காணும் டூவால் முக்கோணம் 1974-இல் வந்தது. இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு எங்கே தேவைப்பட்டது?

தொடர் கண்காணிப்பு இருந்தால் மனிதத் தவறு குறையும் என்பார்கள் உணரி ஆதரவாளர்கள். கையில் கிடைத்த ஒரே எண்ணைக் கோப்பில் புதைத்தவர்களிடம் நொடிக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? இன்னும் ஆழமாகப் புதைப்பார்கள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மதிப்பில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பராமரிப்புக்காக மின்தடை என்ற அறிவிப்பு நாளிதழ்களில் வந்தபடி இருக்கிறது. எந்தெந்தத் தெரு என்பதுகூட அதில் இருக்கும். அன்று எந்தக் கருவியில் எதை அளந்தார்கள், எல்லை தாண்டியது எது என்பது மட்டும் இருக்காது. சென்னையில் மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போய்க்கொண்டிருக்கின்றன. கேபிளின் பாலிஎத்திலீன் காப்புக்குள் ஈரம் புகுந்தால் கிளைவிட்டுப் பரவும். ஆண்டுக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. காப்பில் வீணாகும் மின்னாற்றலை அளக்கும் டேன் டெல்டா சோதனை அதைக் காட்டும். அந்த எண் பொறியாளரின் மேசையைத் தாண்டி எங்கே போகிறது?

பிரிட்டனில் நேஷனல் கிரிட் மீது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரணை தொடங்கியது, தீக்குப் பிறகு அறிக்கை வெளியான நாளில். 2018-இலேயே அந்த எண் பொதுவெளிக்கு வந்திருந்தால் ஹீத்ரோ ஒரு மணி நேரம்கூட மூடியிருக்காது. ஆகவே, இங்கே உணரிக்கான ஒப்பந்தப்புள்ளிகளை நிறுத்திவையுங்கள். எல்லை தாண்டிய அளவீடு ஒவ்வொன்றையும், பொறுப்பான அதிகாரியின் பதவியோடும் மாற்றுவதற்கான கெடுவோடும் மாதந்தோறும் வெளியிடுங்கள். கெடு தாண்டினால் அவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.