நெய்யில் தோய்த்து நெருப்பில் இடுதல்

"பழைய மடிக்கணினிக்குச் செலவழிப்பது செத்த மாட்டுக்கு லாடம் அடிப்பது போல" என்றார் நண்பர் ஒருவர். தேர்ந்த வாசகர். முதல் பதிப்பு கிடைத்தால் அட்டை கிழிந்திருந்தாலும் முகர்ந்து பார்த்து வாங்குகிறவர். அங்கேயே பதில் சொல்லாமல் வந்தது என் தவறு. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேச்சுக்குக் காரணம் என் மாணவி. இளங்கலைத் தமிழ் படிக்கிறாள். தந்தை புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அவளிடம் இருந்தது, அண்ணன் 2015இல் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தை 'இலவசம்' என்று உதடு சுழித்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான்.

திறந்தால் பத்து நிமிடம் கழித்து விழிக்கும். விழித்ததும் ஏதோ பழைய ஆண்டின் தேதியைக் காட்டும்; எந்த இணையதளமும் பாதுகாப்பானதல்ல என்று உலாவி மறுக்கும். கடைக்காரர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இதைத் தூக்கிப் போட்டுட்டு தவணையில புதுசு எடுத்துக் குடுங்க" என்றார்.

தேதி பின்னோக்கிப் போனதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நாணய அளவு மின்கலம். அது தீர்ந்தால் கணினி காலத்தை மறந்துவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களோ அந்தப் பழைய தேதியில் இன்னும் பிறந்திருக்காது. விலை 40 ரூபாய். மந்தத்துக்குக் காரணம் சுழலும் வன்தட்டு. அதன் முள் ஒவ்வொரு கோப்புக்கும் இடம் தேடி நகர வேண்டும். நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அந்தத் தேடல் இல்லை. 240 ஜிபிக்கு 1,900 ரூபாய் ஆயிற்று. பழைய 4 ஜிபி ராம் ஒன்று 650. இதில் ஒரு கண்டம் இருந்தது. முதலில் கொடுத்த ராம் 1.5 வோல்ட் வகை, இந்தக் கணினிக்கு வேண்டியது 1.35. திரை கறுப்பாகவே நின்றது, மாற்றி வாங்கினோம். விசிறித் தூசியைத் தட்டி, செயலிக்குப் புதிய பசை இட்டதற்குக் கூலி 400. ஆக மொத்தம் 2,990 ரூபாய். தீபாவளி விடுமுறையில் இரண்டு பகல் போயிற்று. இப்போது ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது.

"விண்டோஸ் 10க்கே ஆதரவு முடிந்துவிட்டதே" என்பது நண்பரின் அடுத்த அம்பு. உண்மை. 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் 2015இன் கணினியில் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தோடு இணையத்தில் திரிவதை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆகவே லினக்ஸ் மின்ட் நிறுவினோம். காசு கிடையாது, தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. கெட்டது கணினி அல்ல. தொலைதூர நிறுவனமொன்று குறித்த நாள் அது. அந்த நாளை நாம் மரண நாளாக வாசித்துக்கொள்கிறோம்.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்கதை உண்டு. சங்கரன்கோவிலைத் தாண்டினால் கரிவலம்வந்தநல்லூர். சுவடி தேடி அக்கோயிலுக்குப் போன உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த பதில், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம், ஆகமம் அப்படித்தான் சொல்கிறது என்பது. அதைப் பாடத்தில் சொல்லும்போது வகுப்பே பதறும். ஏடு சிதைந்தால் புது ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும் என்பதும் இதே நாட்டின் வழக்கம்தானே? வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு நாங்கள் செய்தது அந்தப் பெயர்த்தெழுதல்தான். அண்ணனின் பள்ளிக் கட்டுரைகள்கூடப் பிழைத்தன. (அவை பிழைத்திருக்க வேண்டுமா என்பதில் தங்கைக்கு வேறு கருத்து.)

எல்லாக் கணினிக்கும் இது ஆகும் என்று நான் வாதிடவில்லை. தாய்ப்பலகை போனால் போனதுதான். மெலிந்த புதிய மாதிரிகள் பலவற்றில் ராமைப் பலகையோடு ஒட்டவைத்தே விற்கிறார்கள். கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. கோபப்பட வேண்டிய இடம் அது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையவாசலைத் திறந்தது. வாசல் திறந்து என்ன, புதுக் கணினிக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., பழுது பார்க்கும் கூலிக்கும் அதே 18. எறிகிறவனும் காப்பவனும் வரியின் கண்ணில் ஒன்று.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? மாவட்டத்துக்கு ஓர் உதிரிபாகக் கிடங்கும், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பழுதுபார்க்கும் மேசையும் கேட்பது பேராசையா? நண்பரே, அதைக் கேட்டு எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

ஒன்றை மட்டும் நாங்கள் மாற்றவில்லை, பெரிய மின்கலம். கடையில் கிடைத்த போலியை நம்பி மடியில் வைத்துக்கொள்ளத் துணிவில்லை. அதனால் மின்சாரம் போனால் கணினியும் அணையும். ஒவ்வொரு பத்தி முடிவிலும் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறாள்.