மலையேரிக்கு ஒரு சிறு பந்தயத் தோணி

மலையகத்தாருக்குக் கடல் தூரம், நீர் தூரமன்று. நுவரெலியாவில், ஆளுநர் சேர் வில்லியம் கிறெகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைந்த ஏரி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஹற்றனுக்கு அண்மையில் கெகல்கமு ஓயாவை மறித்தெழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கம். மஸ்கெலியா ஓயாவை மறித்தெழுந்தது மவுசாக்கலை. இவையிரண்டும் 1960களில் உருவானவை. பின்னதன் பொருட்டுப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மறைந்தது. வறட்சி மிகுந்து நீர் தாழுங்கால் அந்நகரின் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

தேயிலை மலைகள் இத்துணை நீரைத் தம் மடியில் ஏந்தியிருந்தும், லயத்துப் பிள்ளைகளுக்கு அது பார்ப்பதற்குரிய பொருளாக மாத்திரமே இருந்து வருகின்றது. நீர் மின்சாரத்துக்கு, படகு விருந்தினருக்கு. கரையில் நின்று கைகாட்டுவதே நம் பிள்ளைகளின் பங்கு.

யூபிலி ஆண்டில் கல்லூரிக்கு எதனை வழங்கலாம் என்று பழைய மாணவர் பலர் ஆலோசிக்கின்றனர். வளைவு என்பார் சிலர். சிலை என்பார் சிலர். யாம் வேண்டுவது ஒரு சிறு பந்தயப் பாய்த்தோணி. அதனினும் மேலாக, அதனைப் பழுதுபார்க்க ஒரு பட்டறை.

தேயிலை மலையிற் பாய்த்தோணியா என்று நகைப்பவர்களுக்குக் கோடைக்கானலைக் காட்டுவோம். அங்கு 1863இல் ஏரியை அமைப்பித்த லெவிஞ்சு என்பார் முதற் படகைத் தூத்துக்குடியிலிருந்தே மலைக்கு வருவித்தார். 1890இல் படகுக் கழகமும் எழுந்தது. கடற்றுறைப் படகு மலையேறியமை புதுமையன்று.

எத்தகைய தோணி என்பதே அடுத்த வினா. அமெரிக்காவின் புளோரிடாவில் 1947இல் கிளார்க் மில்சு என்பவர் சிறுவர்க்கென வகுத்த 'ஒப்ரிமிஸ்ற்' உலகெங்கும் பரவியுள்ளது. பதினைந்து வயது வரையுள்ளோர் தனித்துச் செலுத்தத்தக்கது. எனினும் எம் மனம் சாய்வது 1963இல் இங்கிலாந்தில் அறிமுகமான 'மிரர்' தோணியின் பக்கமே. பாரி பக்னெல் என்பாரும் ஜாக் ஹோல்ட் என்பாரும் சேர்ந்து வகுத்தது அது. 'டெய்லி மிரர்' பத்திரிகை ஆதரித்தமையால் அப்பெயர் பெற்றது. பதினோரடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. தச்சுத்தொழில் அறியாதாரும் தம் வீட்டில் வைத்தே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மிரர்கள் உலகில் மிதந்துள்ளன.

அது கட்டப்படும் முறை நம்மவர்க்குச் சுவை பயப்பது. ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியாற் தைத்து, தையலின்மீது கண்ணாடிநார் நாடாவை வைத்துப் பிசின் பூசுவர். மேனாட்டார் இதனைப் புதுமையெனக் கொண்டாடினர். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளோ பல நூற்றாண்டுகளாகத் தென்னங் கயிற்றாற் தைக்கப்பட்டே அலையை எதிர்கொண்டன! வேறுபாடு ஒன்றுண்டு. மசூலாவில் தையலே பலகைகளைத் தாங்கும். அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். மிரரில் தையல் பிசின் இறுகும் வரையில் பிடித்திருக்கும் துணை மாத்திரமே.

ஒட்டுப்பலகை தோட்டத்தார்க்குப் புதிதன்று. தேயிலை காகிதப் பைகளில் ஏறுவதற்கு முன்னர் நெடுங்காலம் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கப்பலேறியது. ஈரம் பட்ட பலகை ஏடு ஏடாகப் பிரிவதை நம் முதியோர் கண்ணாரக் கண்டவர்கள். பெட்டிப் பலகை தோணிக்கு ஆகாது. நீரை எதிர்க்கும் பசையிட்ட தனிப் பலகை வேண்டும். ஆயினும் பகைவன் ஒருவனே. உப்பு நீரைக் காட்டிலும் மழைநீரே மரத்துக்குக் கொடியது என்பது பலர் அறியாத உண்மை. உப்பு மரத்தையுண்ணும் காளானைத் தடுக்கும். நன்னீர் அதனை வளர்க்கும். ஆகவே கடற்கரைத் தோணியைவிட மலையேரித் தோணிக்குக் கவனம் மிக வேண்டும்.

கரையேற்றியதும் நீரை ஒட்டத் துடைத்து, காற்றறைகளின் மூடிகளைத் திறந்து வைத்து, நிலத்தில் தொடாவண்ணம் கட்டைகளின்மேற் கவிழ்த்து வைத்தல் வேண்டும். மூடிய தார்ச்சீலையின்கீழ்ப் பனிமூட்டத்தில் வைத்த தோணி உள்ளிருந்தே அழுகும், வெளிவர்ணம் பளபளவென்றிருக்கும். ஊசிமுனையாற் குத்திப் பார்த்தால் மெத்தென்று இறங்குமிடமே நோயிடம். அதனைத் தயக்கமின்றி வெட்டியெறிந்து, நல்ல மரம் தெரியுமளவும் சென்று, பலகையின் தடிப்பைப்போல் எண்மடங்கு நீளச் சரிவாகச் சீவி, புதுப் பலகையை அச்சரிவிற் பொருத்தி ஒட்ட வேண்டும். நேராக வெட்டி ஒட்டிய ஒட்டு முதற் பலத்த காற்றிலேயே விட்டுப்போகும்.

ஒட்டும் காலத்தையும் தெரிந்து கொள்ளல் வேண்டும். எபொக்சிப் பிசின் குளிரில் மந்தமாகவே இறுகும். ஈரக்காற்றில் அதன்மேல் வழுவழுப்பான படலம் படியும். அதனை வெந்நீராற் கழுவித் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சுக் கொடுக்கலாம். நுவரெலியாக் குளிரில் இரவிற் பிசினை நம்பலாகாது. தென்மேற்குப் பருவமழை ஹற்றன் பக்கத்தில் பொழியும் மாதங்களிலோ மரம் உலர்வதே அரிது. சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள உலர் நாள்களில், வெயிலேறிய நண்பகலே வேலைக்குரிய வேளை.

பாயையும் மறத்தலாகாது. உயர்ந்த மலையில் வெயிலின் கடுமை மிகுதி. குளிர்ச்சியைக் கண்டு ஏமாந்து நாள் முழுதும் விரித்து வைத்த பாய் நூலற்றுப் போகும். நனைந்த பாயைக் கசக்கித் திணித்தலும் குற்றம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஓரிழை அறுந்திருப்பினும் கம்பி முழுவதையும் மாற்றுக. மற்றை இழைகள் மேலும் ஒருநாள் தாங்கும் என்று கணக்கிடுவது அறியாமை.

பந்தயத் தோணியே வேண்டும் என்று யாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. ஒரே அளவினவாய் ஒரே நிறையினவாய் விதிக்கப்பட்ட தோணிகளிடையே, சோம்பல் உடனே வெளிப்படும். மிரரின் உடல் நிறை குறைந்தது 45.5 கிலோ என்பது விதி. நீர் குடித்த பலகை இரண்டு கிலோ கூடினாலும், அடிப்புறத்தில் வர்ணம் செதிலெடுத்தாலும், பின்தங்குவது திண்ணம். நன்கு பேணியவன் முன் செல்வான். அங்கே சிபாரிசு செல்லாது.

பழுதே வராத பிளாஸ்ரிக் படகுகள் இருக்க இவ்வுழைப்பு எதற்கு என்று வினவுவோர் உளர். அவை விடுதிகளுக்கு ஏற்றவை; மறுக்கவில்லை. கல்லூரிக்கோ பழுதுவராத பொருளினும் பழுதுபார்க்கத்தக்க பொருளே பயன் தருவது. தோட்டத் தொழிற்சாலைகளிற் பழைய உருளை இயந்திரங்களை ஓயாது ஓடச் செய்யும் கைகள் இம்மண்ணில் உண்டு. மரத்தின் நரம்பறிந்த தச்சு பாஸ்மாரும் உளர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்து, தந்தையின் தொழிலை உத்தியோகப் படிவத்தில் எழுத நாணுகின்றனர். பட்டறையில் அத்தந்தையரை ஆசானாக அமர்த்துக. ஆசிரியராகிய யாமும் ஓரத்தில் நின்று கற்போம்.

வடக்கே வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. அதனைச் செலுத்தியோர் அவ்வூர் மாலுமிகள். நடுக்கடலிற் கிழிந்த பாய்க்கு ஊசி பிடிக்கவும், கசிந்த இடுக்குக்குக் கலப்பற்றடிக்கவும் அறியாதார் அத்துணைத் தூரம் செல்வதில்லை. பாய், பருமல், சுக்கான், அணியம், தாமான் என்று அவர்கள் வழங்கிய சொற்கள் நம் மாணவரின் வாயில் இன்று இல்லை, அகராதியில் உறங்குகின்றன. தமிழாசிரியர் என்ற முறையில் இவ்விழப்பும் எம்மை உறுத்துகின்றது.

செலவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இருபுறமும் காற்றோடும் கூரைக் கொட்டகை ஒன்று, வேலை மேசை இரண்டு, கவ்விகள் ஒரு டசின், உளி, இழைப்புளி, பிசின் ஆகியன போதும். பழைய தோணி ஒன்றைக் கடற்கரைக் கழகங்களில் விசாரித்துப் பெறலாம். பழுதுடையதாயின் இன்னும் நன்று. நீர்த்தேக்கத்தை நிருவகிப்போரின் எழுத்து மூலமான அனுமதி முதலிற் பெறப்படல் வேண்டும். நீச்சல் தேறாத மாணவன் எவனும் தோணியில் ஏறலாகாது. தேறியவனும் மிதவை அங்கியின்றி ஏறலாகாது. மலைச்சாரற் காற்று முன்னறிவிப்பின்றித் திசைமாறும், நீரோ குளிர்ந்தது. பட்டறைத் திறவுகோல் அதிபரின் அலுவலகத்தில் தூங்காமல், வேலை செய்யும் மாணவர் குழுவின் கையிலேயே இருத்தல் வேண்டுமென்பது எம் விண்ணப்பம். அடுத்த சனவரியில் முதற் பலகையைச் சீவத் தொடங்கினால், மே மாதத்து மழை இறங்குமுன் வர்ணம் பூசி முடிக்கலாம்.