ஐந்து நிமிஷ விச்ராந்தி

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில், விடியுமுன் அடுப்படி வேலையை முடித்து, கம்பெனி பஸ் ஏறி வந்து, தையல் மிஷின்மீது குனிந்தபடியே நாளெல்லாம் காலணிகளின் மேல்தோலைத் தைக்கும் பெண்களின் கழுத்தும் முதுகும் படும் சிரமத்தை யாவரும் அறிவர். அச்சிரமத்தோடு அவர்கள் மனத்தில் படியும் சோர்வைப் பற்றிப் பேசுவோரோ அரியர்.

ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஆனால் அந்த அரை மணி சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். 2021-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகம், வேலை செய்யும் இடத்திலேயே செய்யத்தக்க ஐந்து நிமிஷ யோகப் பயிற்சியைப் பரவலாக்க முற்பட்டது. சிறிது நேர அசைவும் சரீரத்துக்கும் மனத்துக்கும் நன்மையே என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்.

அலுவலகத்தில் கோப்பு பார்ப்போருக்கு உகந்த இந்த ஐந்து நிமிஷ விச்ராந்தி, தோல் தைப்போருக்கு அதனினும் அவசியமன்றோ? முற்பகலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை மிஷின்களை நிறுத்தி, தொழிலாளர் எழுந்து, தோள் சுழற்றி, நிதானமாக மூச்சுவிட இடமளிக்க வேண்டும். அதற்காகக் கூலியைக் குறைப்பதோ, உற்பத்தி இலக்கை உயர்த்துவதோ கூடாது. இவ்விஷயத்தில் முதலாளிமார்கள் தாமே முன்வருவது தர்மமாகும்.